புங்க மரத்தைத் தொட்டு, இடது பக்கம்

வரிசை நகர்ந்தது என்று சொல்வதற்கில்லை. முன்னால் நின்ற பச்சைப் பட்டுப்புடவை அம்மாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டாள், அதைப் பார்த்து சென்னியப்பனும் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த பார்சல் கனத்தது. கனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஃபோட்டோ, ஒரு கண்ணாடி, நாலு சட்டம், ஆனால் இடது தோள்பட்டைக்கு அதுவே போதும். அந்தத் தோள் ரொம்ப வருஷமாகவே சொன்ன பேச்சு கேட்பதில்லை. மேகம் கறுத்தால் குத்தும், பால் பாக்கெட் தூக்கினால் குத்தும், எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டால் முழிப்பார், பாத்ரூமில் வழுக்கியிருக்கும் என்று எதையாவது சொல்லிவைப்பார். தோள் கிடக்கட்டும். இப்போது பிரச்சினை தோள் இல்லை, ஒரு மூஞ்சி. மேடையில் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தாரே அந்த ஆளின் மூஞ்சி. பெண்ணைப் பெற்றவர் அவர்தான், நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது. பெண்ணைப் பெற்றவர் என்றால் சிவமலை. நொய்யல் ரோவர்ஸ் ஃபுட்பால் டீமின் கேப்டன் சிவமலை. அந்த ஆளைப் பார்த்தால் சிவமலை மாதிரி இல்லை. சிவமலை மாதிரி என்றால் எந்த மாதிரி என்று யோசித்தால் அதுவும் வரவில்லை, வந்ததெல்லாம் முதுகுதான். சென்னியப்பன் கோல்கீப்பர். எட்டு வருஷம் போஸ்டுக்கு நடுவில் நின்று பார்த்ததெல்லாம் சிவமலையின் முதுகை, அதில் தைத்திருந்த ஐந்தாம் நம்பரை, வலது பக்கம் லேசாகச் சாய்ந்த அந்த நடையை. அந்த ஆள் ஒரு தடவை திரும்பி நின்றால் சொல்லிவிடலாம். பெண்ணைப் பெற்றவர் மேடையில் திரும்பி நிற்பாரா? அப்புறம் சிவமலை ஓசூர் பக்கம் போய்க் குடியேறி, நேரில் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, போனில் குரல்தான். குரலுக்கு வழுக்கை விழுவதில்லை, தொப்பை போடுவதில்லை. இந்த ஆளுக்கு இரண்டும் இருந்தன. ஆகவே ஒன்று, சிவமலை மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் இது சிவமலையே இல்லை. மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. சிவமலை அப்படியே இருக்கிறான், ஒன்றும் மாறவில்லை, மாறிப்போனது தன் மண்டைக்குள்தான்.

பக்கத்தில் நிற்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. ஏனுங்க, இது சிவமலை வீட்டு விசேஷந்தானுங்களே? வாய்வரைக்கும் வந்தது, உள்ளே போய்விட்டது. கேட்டால் அந்தப் பச்சைப் புடவை அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வை அவருக்குத் தெரியும், மேகலா இப்போதெல்லாம் பார்க்கிற பார்வை. மேகலா அவருடைய ஒரே மகள். அவள் வீட்டில்தான் இப்போது ஜாகை. வீடு என்றால் மாடி வீடு, காற்று வரும், மாப்பிள்ளை தங்கமானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையெல்லாம் இவர் வைத்ததுதான். போன மாசம் பஸ்ஸில் ஒண்டிப்புதூரில் இறங்க வேண்டியவர் சூலூரில் போய் இறங்கி, ஏன் இறங்கினோம் என்று நின்றார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு குளிக்கப் போனார், அது யார்தான் செய்யவில்லை, ஆனால் திரும்பி வந்து, யார் இப்படிப் பாலைத் தீய விட்டது என்று வீட்டிலிருந்தவர்களை அதட்டினாரே, அதுதான் மேகலாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வாயில் ஒரு டாக்டர் பேர் உருள ஆரம்பித்தது, மூளைக்கு மட்டும் பார்க்கிற டாக்டர், டவுனுக்குள்ளேயே ராமநாதபுரத்தில் கிளினிக், ஸ்கேன் எடுப்பாராம், கேள்வி கேட்பாராம், இன்றைக்கு என்ன கிழமை, ஒன்பதிலிருந்து பின்னால் எண்ணுங்கள். பைத்தியக்காரன் பரீட்சை. கடைசியில் இவர்தான் பேரம் பேசினார். "சிவமலை மக ரிசப்சனுக்கு நான் ஒத்தையில போயிட்டு ஒத்தையில வந்தர்றேன் அம்மிணி. சரியா வந்துட்டன்னா அந்த டாக்டர் பேச்சே எடுக்கக் கூடாது." "வரலீன்னா?" "வரலீன்னா திங்கக்கெழம கூட்டிட்டுப் போ. அதுக்கப்பறம் தனியா வெளிய போறன்னு கேக்க மாட்டேன்." மேகலா சரி என்றாள். வாட்சப்பில் வந்திருந்த பத்திரிகையை எடுத்து, எந்த ஹால் என்று வாசித்துக் காட்ட வந்தாள். இவர் கையை ஆட்டிவிட்டார். "அது எங்க கிரவுண்டு கண்ணு. எனக்கு வழி சொல்றயாக்கும்." அந்தக் கையை ஆட்டாமல் இருந்திருக்கலாம். இதோ சட்டைப் பையில் போன் அதிர்கிறது, மேகலாதான். "அப்பா, போயிட்டீங்களா?" போயிட்டேன். "சிவமலை மாமாவப் பாத்தீங்களா?" "பாத்துட்டிருக்கறேன்" என்றார். பொய் இல்லை. உண்மையும் இல்லை. "சாப்புட்டுட்டு சீக்கரமா வாங்கப்பா, மழ வர்றாப்ல இருக்குது" என்று அவள் வைத்துவிட்டாள், அவருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மேடைப் பின்னணியில் பேர் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். பேர் இல்லை, பூவால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, எஸ், கே. சிவமலை மகள் பேர் எஸ்ஸில்தான். சங்கீதாவா, சரண்யாவா, நாவின் நுனியில் நிற்கிறது, நுனியிலேயே நிற்கட்டும். பேருக்குப் பதிலாக இடத்தைப் பிடிப்போம், இடம் பொய் சொல்லாது. ஏசி போட்ட இந்த ஹாலுக்குக் கீழே, இந்தப் பளபள தரைக்குக் கீழே, எங்கேயோ ஒரு கோல் ஏரியா இருக்கிறது. எங்கே? மைதானத்தின் இரண்டு கோடியிலும் இரண்டு ஹாலைக் கட்டி, நடுவில் கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். இந்தக் கோடி வாய்க்கால் பக்கக் கோல். அப்படியானால் மேடை இருப்பது கோல் லைனுக்குப் பின்னால், தான் நிற்பது பெனால்டி புள்ளிக்குக் கிட்டத்தில். பெனால்டி புள்ளியில் நின்று கோல்கீப்பருக்கு என்ன வேலை என்று அவரே ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டார். அந்த நாளில் இங்கே பக்கத்து நூல் மில்லின் சாம்பலும் செம்மண்ணும் கலந்து கொட்டிச் சமன் செய்த தரை, விழுந்தால் முட்டி உரியும். மில்லின் சின்ன முதலாளி வெளிநாடு போய்ப் படிப்பைக் கொண்டுவருவார் என்று பார்த்தால் பந்துப் பைத்தியத்தைக் கொண்டுவந்தார். மில் டீம் ஊரெல்லாம் உண்டு, வேலை முடிந்து விளையாடுகிற டீம். சின்ன முதலாளி ஆரம்பித்த நொய்யல் ரோவர்ஸ் வேறே, விளையாட்டே வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், நூல் பக்கமே போக வேண்டாம். ஊர்ச் சனம் நம்பவில்லை. "பந்தை ஒதைக்கறதுக்குச் சம்பளமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள், பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார்கள், சென்னியப்பன் பதில் சொன்னார், "நான் ஒதைக்கறதில்லீங்க, புடிக்கறது," அதைக் கேட்டுத்தான் மேகலாவின் அம்மா ஜன்னலுக்குப் பின்னால் சிரித்தாள், நல்ல சிரிப்பு, கடைசி வரைக்கும் அப்படித்தான் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, அப்படியென்றால் மண்டை முழுக்கப் போய்விடவில்லை. இன்னும் இருக்கிறது. மில் சங்கு ஞாபகம் இருக்கிறது. ஷிப்டு மாறுகிற நேரத்துக்கு ஆட்டத்தின் நடுவில் மில் சங்கு ஊதும், வெளியூர்க்காரர்கள் ரெஃப்ரி விசில் என்று ஒரு கணம் நின்றுவிடுவார்கள், அந்த ஒரு கணத்தில் ஹபீபுல்லா வலது ஓரத்தில் பறந்துவிடுவான், பாதிக் கோல் சங்குக் கோல்தான். கேரளாக்காரர்கள் இது அநியாயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சங்கை நிறுத்தினால் மில்லை நிறுத்த வேண்டும், பந்துக்காக மில்லை நிறுத்துவார்களா? பின்னால் மில்லே நின்றது, அது பந்துக்காக இல்லை. பாதி நேரம் முடிந்து டீம் கோலை மாற்றிக்கொள்ளும்போது சனமும் எழுந்து இடம் மாறும், அதுவும் இருக்கிறது. கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் துண்டை உதறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கடலைக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு, அந்தக் கோலிலிருந்து இந்தக் கோலுக்கு நடப்பார்கள், நம்ம ஆட்கள் எந்தக் கோலில் அடிக்கிறார்களோ அதற்குப் பின்னால்தான் உட்காருவார்கள். ஆக சென்னியப்பனுக்குப் பின்னால் எட்டு வருஷமும் ஆளே கிடையாது. ஒரு எருமை நிற்கும், சில நாள்.

அப்புறம் சிவமலையின் சட்டம். அது மறக்குமா, இன்றைக்குக்கூட அப்படித்தான் உள்ளே வந்தார். ரோட்டைப் பார்த்த பெரிய வாசலில் பூவும் லைட்டுமாக ஒரே கூட்டம், அவருக்கு அங்கே என்ன வேலை, அவர் கால் சந்துக்குள் திரும்பி ஆட்டக்காரர் கேட்டுக்குப் போனது. சமையல் பாத்திரம் இறக்குகிற வேன் ஒன்று அங்கே நின்றது, அதை ஒதுங்கி உள்ளே வந்தால் புங்க மரம், அடேயப்பா, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். சிவமலையின் சட்டம் இதுதான்: கேட்டில் நுழைந்தால் பேச்சு நின்றுவிட வேண்டும், தலை குனிந்துவிட வேண்டும், புங்க மரத்தைத் தொட வேண்டும், இடது பக்கம் திரும்ப வேண்டும், டிரெஸ்ஸிங் ரூம் போய் ஜெர்சியை மாட்டுகிற வரைக்கும் தலையைத் தூக்கி மைதானத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அன்றைக்குத் தோல்வி. ஒரு தடவை ஹபீபுல்லா எதற்கோ பார்த்துவிட்டான், மூன்று கோல் வாங்கினோம், வாங்கியது யார், சென்னியப்பன், திட்டு வாங்கியது ஹபீபுல்லா. இன்றைக்கும் அவர் தலையைக் குனிந்து, மரத்தைத் தொட்டு, இடது பக்கம் திரும்பி நேரே வந்து இந்த வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டார். எல்லாம் சரியாகத்தானே செய்தோம், பின்னே ஏன் இங்கே ஒரு முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லை. சிவமலை வீட்டு விசேஷத்தில் பழைய ஆட்கள் நாலு பேராவது இருக்க வேண்டாமா. இருக்கிறார்களோ என்னமோ, இந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ, தனக்குத்தான் அடையாளம் தெரியவில்லையோ. அவர்கள் தன்னைப் பார்த்து, பாவம், சென்னி நம்மளை மறந்துட்டான் என்று பேசிக்கொள்கிறார்களோ. பின்பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

வரிசை இரண்டு அடி நகர்ந்தது, நிஜமாகவே நகர்ந்தது. பார்சலை மறு கைக்கு மாற்றினார். பார்சலுக்குள் இருப்பது டீமின் கறுப்பு வெள்ளை ஃபோட்டோ, மொத்த டீமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே ஃபோட்டோ, கடைசி மேட்சு அன்று மத்தியானம் எடுத்தது. வேறு யாரிடமும் பிரதி இல்லை, சிவமலையிடமும் இல்லை. சாகிறதுக்குள் அவன் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். தப்பான ஆள் கையில் கொடுத்துவிட்டால் போச்சு, பரிசுப் பொருள் குவியலில் ஒரு சுவர்க் கடிகாரத்துக்கும் இன்னொரு சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் போய்விடும். கடைசி மேட்ச். அதை நினைத்தால் எப்போதும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். மழை. கேரளாக்காரர்களோடு மேட்ச். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மழையில் ஜெர்சிச் சாயம் ஓட ஆரம்பித்தது, மில்லிலேயே நெய்து மில்லிலேயே சாயம் போட்ட அரக்குச் சிவப்பு, வியர்வைக்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது, நம்ம ஆட்கள் எல்லோருடைய வெள்ளை நிக்கரும் அரக்காகிவிட்டது. அவர் இந்தக் கோலில், இதோ இந்த வாய்க்கால் பக்கக் கோலில் நின்றார். பந்து ஒன்று உயரத்தில் வந்தது, எகிறிப் பிடித்தார். அப்புறம் தன் இரண்டு கையையும் பார்க்கிறார், கை முழுக்கச் சிவப்பாக ஒழுகுகிறது, சாயம் இப்படியா ஓடும் என்று நினைக்கிறார். அவ்வளவுதான். அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில், தலையைச் சுற்றி ஈரத் துணிக் கட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மழையில் நனைஞ்சு காய்ச்சல் சாமி, தூங்கு என்கிறாள். மேட்ச் மழையால் பாதியில் நின்றுபோனது. அந்த வாரமே மில்லுக்கும் கேட்டுக்கும் பூட்டுப் போட்டார்கள், கோல் போஸ்டை அறுத்து யாரோ எடுத்துப்போனார்கள், டீம் ஆளுக்கொரு திக்காகப் பிழைக்கப் போனது. மேகலா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கதை கேட்டால் இதைத்தான் சொல்வார். "அப்பறம்?" "அப்பறம் மழ வந்துருச்சு. மேட்ச் இன்னும் முடியல கண்ணு, பாதி நேரத்துலயே நிக்குது." அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும்தான். முடியாத ஆட்டத்தில் யாரும் தோற்பதில்லை. ஆனால் ஒரு முள், சின்ன முள்ளுதான், இத்தனை வருஷமாகக் குத்தாத முள் இப்போது இந்த ஏசிக் குளிரில் குத்தியது. கோல்கீப்பர் ஜெர்சி அரக்குச் சிவப்பு இல்லையே. மஞ்சள். அவருடைய ஜெர்சி மஞ்சள். மஞ்சள் ஜெர்சியிலிருந்து கைக்கு எப்படிச் சிவப்புச் சாயம் ஓடும்? வேறு யார் மேலாவது மோதி ஒட்டியிருக்கும். யார் மேல்? எப்போது? மஞ்சளா, பச்சையா? மஞ்சள்தான். மஞ்சள் என்று இப்போது நினைக்கிறோமா, அப்போதே மஞ்சளா? திரும்பத் திரும்ப அதே கை, அதே சிவப்பு, அதற்குப் பின்னால் சுவர்.

"வாங்க வாங்க" என்று யாரோ கையைப் பிடித்து மேடைப் படி ஏற்றிவிட்டார்கள். இதற்குள் எப்படி இங்கே வந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பெண் அழகாகக் கும்பிட்டாள், மாப்பிள்ளை சிரித்த முகமாகப் பார்சலை வாங்கக் கை நீட்டினான். சென்னியப்பனின் கை விடவில்லை. விடக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை, நினைக்க நேரமே இல்லை, கைதான் அப்படிச் செய்தது, நெஞ்சோடு சேர்த்து, தாடையை மேலே அழுத்தி, மழையில் நனைந்த பந்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை லேசாக இழுத்தான். இவர் அசையவில்லை. ஃபோட்டோக்காரர், "சார், குடுத்துட்டு இப்பிடிப் பாருங்க சார், குடுங்க சார்" என்று கெஞ்சினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்ணைப் பெற்றவர் பக்கத்தில் வந்து நல்லவிதமாகவே கேட்டார், "ஏனுங்க, நீங்க மாப்ள வீட்டுப் பக்கமுங்களா?" அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்தார். இரண்டு கண், ஒரு மூக்கு, சந்தனப் பொட்டு, ஒன்றும் பேசவில்லை அந்த முகம் அவரோடு. என்ன பதில் சொல்வது, பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? "நானுங்களா?" என்றார். "நான் கோல்கீப்பருங்க."

பெண்ணைப் பெற்றவர், "அப்பிடிங்களா, நெம்ப சந்தோசமுங்க, சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்றார், அவர் வேறென்ன சொல்வார். சென்னியப்பன் பார்சலோடு படியைத் தேடினார். முடிந்தது. திங்கட்கிழமை, டாக்டர், பின்னால் எண்ணுகிற ஒன்பது, அப்புறம் மாடி வீட்டின் ஜன்னல், காற்று மட்டும் வரும். மேகலாவிடம் எப்படிச் சொல்வது, கேப்டனின் முகத்துக்கு நேரே நின்றேன், அவன் யார் என்று தெரியவில்லை கண்ணு என்றா? அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "கீப்பர்! டேய் கீப்பர்! எறங்குடா கீழ!" அந்தக் குரலை அவர் மறக்கவில்லை, பந்தை இந்தப் பக்கம் எறி என்று எட்டு வருஷம் வலது ஓரத்திலிருந்து கத்திய குரல். ஒல்லியாக, வெள்ளைத் தாடியாக, ஹபீபுல்லா. படியிறங்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டதும் இவர் முதலில் கேட்டது, "ஹபீபு, நெசமாச் சொல்லு, அது சிவமலையா?" என்பதுதான்.

"அது சிவமலை இல்லடா."

"இல்லியா? நெசமா இல்லியா?"

"ஹாலே தப்புடா. சிவமலை வீடு ரோட்டுப் பக்க ஹாலு. நானும் உம் பின்னாடி ரொம்ப நேரமா இதே லைன்லதான் நிக்கறேன், நீ மேடையில கோல்கீப்பருன்னு சொன்னப்பறந்தான் நீன்னு தெரிஞ்சுது. மேடையில இருக்கறவன் மூஞ்சி பிடிபடவே மாட்டேங்குது. நமக்குத்தான் மறதி வந்துருச்சுன்னு பயந்துகிட்டு, யாரையும் கேக்க வெக்கப்பட்டுட்டு நின்னேன். கடைசில சந்தனம் குடுக்கற பொண்ணுகிட்டக் கேட்டாக்க, அது பக்கத்து ஹாலுங்க தாத்தாங்குது."

"நீ எந்தக் கேட்ல வந்த?"

ஹபீபுல்லா வலது கையைத் தூக்கி, இல்லாத ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டி, தலையைக் குனிந்து, இடது பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, பச்சைப் புடவை அம்மாள் அங்கிருந்து முறைத்தாள், முறைக்கட்டும். ஹபீபுல்லா நாற்காலிகளின் கடைசி வரிசையைக் காட்டினான். அங்கே மூன்று கிழவர்கள் ஆளுக்கொரு ஜூஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல், திருட்டுக் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் டீம். மூன்று பேரும் அதே கேட், அதே மரம், அதே குனிந்த தலை, வாசலில் வைத்திருந்த பேர்ப் பலகையை ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதில் பேக் பொசிஷனில் ஆடிய காளியண்ணன் பந்தியில் சாப்பிட்டே முடித்துவிட்டானாம், ஐஸ்கிரீம் வரைக்கும். சென்னியப்பனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. இத்தனை பேரும் ஹால் தப்பி வந்தால் அது மறதி இல்லை, அது சிவமலையின் சட்டம். மேகலாவிடம் இதை எப்படியெல்லாம் சொல்லலாம் என்று மனசு அதற்குள் கதை கட்ட ஆரம்பித்தது, எங்க டீமே தப்பான கல்யாணத்துல ஒக்காந்திருந்துது அம்மிணி, எல்லாரையும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறயா? அவள் சிரிப்பாள், அவள் அம்மா மாதிரி சிரிப்பாள்.

ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. கார்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து அந்தக் கோடிக்கு நடந்தார்கள், இவர் பார்சலைச் சட்டைக்குள் பாதி சொருகிக்கொண்டு நடந்தார். நடு மைதானம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஹபீபுல்லா அதன் மேல் தட்டி, "பாதி நேரம். கோலு மாத்து" என்றான். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சந்தோஷத்தில் வாய் விட்டுச் சொன்னார், "நம்ம கடைசி மேட்ச்தான் மாத்தவே இல்லையே. பாதியிலயே மழையில நின்னுபோச்சே. இப்பத்தான் மாத்தறோம்."

ஹபீபுல்லா நின்றுவிட்டான். "எந்த மேட்ச் நின்னுது?"

"கேரளாக்காரனோட ஆடுன மேட்ச்."

"சென்னி, வெளாடறயா? அது எங்கடா நின்னுது? அதுலதான ஒண்ணுக்கு ஜீரோல ஜெயிச்சோம்? மழையோட மழையா சங்கு ஊதுச்சு, நான் அடிச்சேன். கடைசில அவனுக்கு ஒரு பெனால்டி குடுத்தாங்க. நீ புடிச்ச. ஊரே உன்னத் தோள்ல தூக்கிட்டுக் கிரவுண்ட சுத்திச்சு." பின்னால் நின்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் முகத்தில் விளையாட்டு இல்லை. ஹபீபுல்லா இவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாதி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அவனோட ஃபார்வேர்டு முட்டி உன்ற மண்டையில அடிச்சுது. ரத்தம். கட்டுப் போட்டுட்டு, நான் ஆடறேன்னு நீதான் எந்திரிச்சு நின்ன. மேட்ச் முடிஞ்சு வாந்தி எடுத்த, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பின்ன என்னிக்குமே நீ அந்தப் பெனால்டியப் பத்திப் பேச மாட்ட. அடக்கம்னு நெனச்சோம்டா. பெரிய ஆளு, பீத்திக்க மாட்டேங்கறான்னு சிவமலை சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான்."

மஞ்சள் ஜெர்சி. மஞ்சள்தான், அப்போதே மஞ்சள்தான், கையில் ஒழுகியது சாயம் இல்லை. அந்த முள் கழன்று வந்துவிட்டது, அதற்குப் பின்னால் இருந்த சுவர் அப்படியே நின்றது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். தோளில் தூக்கினார்களாமே, ஒரு தோள், ஒரு கை, ஒரு சத்தம், ஏதாவது ஒன்று? கேட்கவில்லை. பெனால்டி அடித்தவன் குட்டையா நெட்டையா, வலது காலா இடது காலா? இல்லை. மேகலாவுக்கு எத்தனை ராத்திரி சொன்ன கதை, அவருடைய சொந்தக் கதை, அதன் நல்ல பாதியை இத்தனை பேரும் வைத்திருந்திருக்கிறார்கள், அவரிடம் மட்டும் இல்லை. ஹால் தப்பியதில் அவருக்குத் துணைக்கு ஒரு டீமே இருந்தது. இதில் யாரும் இல்லை. பயமாக இருந்தது, அதை மறைக்க இனி தெம்பு இல்லை. அழுகையும் வந்தது, எதற்கு என்றுதான் குழப்பமாக இருந்தது, இழந்ததற்கா, ஜெயித்ததற்கா. தூறலில் நின்றபடி போனை எடுத்தார். மேகலா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"அம்மிணி, ஹாலு மாறிப் போயிட்டேன். அது பரவால்ல, எங்க டீமே அப்பிடித்தான் தப்பான ஹாலுக்குப் போச்சு, வந்து சொல்றேன், சிரிப்ப. ஆனா அந்த டாக்டருகிட்டத் திங்கக்கெழம போலாம். நானாத்தான் சொல்றேன்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அழுவாத கண்ணு. கிளினிக்குக்குப் போறப்ப உனக்கொரு கத சொல்றேன். அந்த மழ மேட்ச் முடிஞ்சிருச்சாமா. ஜெயிச்சுட்டமாமா."

ரோட்டுப் பக்க ஹால் வாசலில் வேட்டி கட்டிய ஒரு ஆள், நெற்றியில் கையை வைத்து மழைக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். யாரும் காணோம் என்று சலித்துப்போய் உள்ளே திரும்பினார், திரும்பியதும் அந்த முதுகு, வலது பக்கம் லேசாகச் சாய்ந்த அந்த நடை. சென்னியப்பனுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "சிவமலை!" என்று கத்த வாயெடுத்தவர், படிக்கு முன்னால் நின்று தரையைப் பார்த்தார். இந்தக் கோல்தான். பாதி நேரத்துக்கு அப்புறம் அவர் நின்ற கோல்.

"ஹபீபு" என்றார். "அந்தப் பெனால்டிக்கு நான் எந்தப் பக்கம் பாஞ்சேன்?"

"எடது பக்கம். முழுசா நீட்டி. நீ விழுந்த சத்தம் எனக்கு நடுக் கிரவுண்டு வரைக்கும் கேட்டுது."

சென்னியப்பனின் வலது கை தானாகவே எழுந்து போய், இடது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டது.